பர்மிட் கையில் இருக்கிறது, இடம் எங்கே? லண்டன் தெருவில் கார் நிறுத்தும் விதிகள்

லண்டனுக்குப் புதிதாகக் குடிவந்து, வாடகை வீடு பிடித்து, பழைய கார் ஒன்றும் வாங்கிவிட்டவர்கள் அடுத்த மாதமே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கவுன்சிலுக்குப் பணம் கட்டி ரெசிடென்ட் பர்மிட் எடுத்தாச்சு. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு வந்தா நம்ம வாசல்ல வேற யாரோ காரை நிறுத்தியிருக்காங்க. யார்கிட்ட புகார் சொல்றது?"

யாரிடமும் சொல்ல முடியாது. அந்தப் பர்மிட் உங்களுக்கு எந்த இடத்தையும் விற்கவில்லை. ஒரு பகுதியில், குறிப்பிட்ட நேரத்தில், வெளியாள் யாரும் கார் நிறுத்தக்கூடாது என்று உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சில் தடை போட்டிருக்கிறது. அந்தத் தடை உங்கள் காருக்குப் பொருந்தாது என்று சொல்லும் சீட்டுதான் பர்மிட். அதே பகுதியில் நானூறு பேர் சீட்டு வாங்கியிருக்கலாம், தெருவில் கார் நிறுத்தக் கோடு போட்ட கட்டங்கள் முந்நூறுதான் இருக்கலாம். முந்துபவருக்கு இடம். அதோடு, அந்தத் தெருவில் தடை மாலை 6.30 மணிக்கே முடிந்துவிடுகிறது என்றால், எட்டு மணிக்கு உங்கள் வாசலில் நிற்கும் காருக்குப் பர்மிட்டே தேவையில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் அங்கே நிறுத்தலாம்.

இந்த ஒன்று மனதில் பதிந்துவிட்டால் மற்ற விதிகள் தானாகவே விளங்கும். பதியாவிட்டால் வருஷத்துக்கு இரண்டு முறையாவது அபராதம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

முதலில், இப்படி ஒரு ஏற்பாடு ஏன் வந்தது? லண்டனின் பல வீட்டுத் தெருக்கள் விக்டோரியா மகாராணி காலத்திலும் அதற்குச் சற்றுப் பின்பும் கட்டியவை. ஒட்டி ஒட்டி வரிசை வீடுகள். கார் என்ற ஒன்று வருமென்று யாருக்கும் தெரியாத காலம், ஆகவே வீட்டுக்குள் கார் நுழைய வழி கிடையாது. கார் வந்ததும் எல்லாம் தெருவுக்கு வந்தன. 1958 ஜூலை 10 அன்று மேஃபேர் பகுதியில் பிரிட்டனின் முதல் பார்க்கிங் மீட்டர்கள் நின்றன. நகரின் நடுவில் நெருக்கடி கூடக் கூட, வெளியே இருப்பவர்கள் காரைக் கொண்டுவந்து ஏதாவது ஒரு டியூப் (பாதாள ரயில்) ஸ்டேஷன் பக்கத்துத் தெருவில் விட்டுவிட்டு ரயிலேறினார்கள். காலை எட்டு மணிக்கு வந்து நிற்கும் கார் சாயங்காலம் ஆறு மணிவரை நகராது. தெருக்காரர் மளிகைச் சாமானோடு வந்தால் நான்கு தெரு தள்ளி நிறுத்த வேண்டும்.

இதற்குக் கவுன்சில்கள் கண்ட வழிதான் கட்டுப்பாட்டு பார்க்கிங் மண்டலம். எல்லோரும் சி.பி.ஸெட். என்றுதான் சொல்வார்கள். சில தெருக்களைச் சேர்த்து ஒரு எல்லை வரைந்து, அதற்கு ஓர் எழுத்தோ எண்ணோ கொடுத்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு அடி ஓரத்தையும் ஒன்று கட்டமாக, இல்லையென்றால் மஞ்சள் கோடாக மாற்றிவிடுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த சாமர்த்தியம் புறநகர்களில் இருக்கும் ஒரு மணி நேர மண்டலங்கள். பார்னெட், ஹாரோ பக்கம் போனால் பார்க்கலாம். நாள் முழுக்கத் தடை இல்லை, நடுப்பகலை ஒட்டி ஒரே ஒரு மணி நேரம்தான். புதிதாகப் பார்ப்பவர் சிரிப்பார்: ஒரு மணி நேரம் தடுத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் காலையில் காரை விட்டுவிட்டு ஆபீஸ் போனவர் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஓடிவந்து காரை நகர்த்த முடியாது. காரை விட்டுவிட்டு ரயிலேறுகிறவர் மொத்தமாக ஒழிந்தார், கடைக்கு வருகிறவருக்கும் விருந்தாளிக்கும் தொந்தரவு கொஞ்சம்தான். அபராதச் சீட்டு எழுதும் வார்டனும் நாள் முழுக்க அங்கே சுற்ற வேண்டியதில்லை.

சரி, இப்போது பலகைக்கு வருவோம். எல்லாச் சண்டையும் தொடங்குவது இங்கேதான்.

மண்டலத்துக்குள் நுழையும் இடத்தில் சாலையோரத்தில் ஒரு பெரிய பலகை இருக்கும். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணிவரை என்று அதில் போட்டிருக்கும். ஓட்டிக்கொண்டு வரும் வேகத்தில் அதை யாரும் படிப்பதில்லை. ஆனால் உள்ளே இருக்கும் ஒற்றை மஞ்சள் கோட்டுக்குப் பெரும்பாலும் தனிப் பலகை கிடையாது. அந்தக் கோட்டின் நேரம் நுழைவுப் பலகையில் நீங்கள் தாண்டி வந்த நேரம்தான். "இங்கே போர்டே இல்லையே" என்று வாதாடிப் பயனில்லை. இரட்டை மஞ்சள் கோடு என்றால் நேரக் கணக்கே கிடையாது, இரவு பகல் எப்போதும் கூடாது, அதற்கும் பலகை தேவையில்லை.

வெள்ளைக் கோடு போட்ட கட்டங்களுக்குத் தனித்தனிப் பலகை இருக்கும். நீலச் சதுரத்தில் 'பி' என்ற எழுத்து, பக்கத்தில் பர்மிட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்ற வரி, மண்டலத்தின் எழுத்து, கீழே நேரம். நான்கையும் படியுங்கள். உங்கள் பர்மிட்டில் இருக்கும் எழுத்தும் பலகையில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். தெருவின் இந்தப் பக்கம் ஒரு மண்டலம், எதிர்ப்பக்கம் இன்னொரு மண்டலம் என்று எல்லை ஓடும் இடங்கள் இருக்கின்றன. கிழமை எதுவும் போடாமல் நேரம் மட்டும் போட்டிருந்தால், ஞாயிறும் சேர்த்து எல்லா நாளும் என்று அர்த்தம். 'பேங்க் ஹாலிடே' எனும் பொது விடுமுறை அன்று தடை உண்டா இல்லையா என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், உங்கள் கவுன்சில் தளத்தில் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

சில கட்டங்கள் பொதுக் கட்டங்கள்: பர்மிட் உள்ளவர் சும்மா நிறுத்தலாம், இல்லாதவர் போன் செயலியில் பணம் கட்டி நிறுத்தலாம். சில கட்டங்கள் பணம் கட்டுபவருக்கு மட்டுமே, அங்கே உங்கள் பர்மிட் செல்லாது. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைக் கோடுதான். பலகையில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம்.

சிறு முட்டுச் சந்துகளில் இன்னொரு வகை உண்டு. கட்டமும் இருக்காது, கோடும் இருக்காது. தெருமுனையில் மட்டும், இதற்கு மேல் பர்மிட் உள்ளவர்கள் மட்டும் என்று ஒரு பலகை. மஞ்சள் கோடு இல்லாத தெரு என்று நினைத்து சந்தோஷமாக நிறுத்துபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லண்டனில் கோடே இல்லாத தெருவைக் கண்டால் சந்தோஷப்படுவதற்கு முன் தெருமுனை வரை திரும்பி நடந்து பார்த்துவிடுவது நல்லது.

பர்மிட் எடுப்பது எப்படி என்பது அவ்வளவு சிக்கல் இல்லை. லண்டனில் 32 பரோக்கள், அதாவது தனித்தனிக் கவுன்சில் உள்ள பகுதிகள், அவற்றோடு சிட்டி ஆஃப் லண்டன். ஆக 33 நிர்வாகங்கள், 33 விதமான கட்டணம். ஈஸ்ட் ஹாமில் இருக்கும் உங்கள் நண்பர் கட்டும் தொகையை வைத்து டூட்டிங்கில் இருக்கும் நீங்கள் கணக்குப் போடாதீர்கள். விண்ணப்பத்துக்குப் பொதுவாக இரண்டு சான்று வேண்டும்: நீங்கள் அந்த முகவரியில் குடியிருக்கிறீர்கள் என்பதற்குக் கவுன்சில் டாக்ஸ் பில்லோ வாடகை ஒப்பந்தமோ, கார் அந்த முகவரியில்தான் பதிவாகியிருக்கிறது என்பதற்கு லாக்புக் எனும் பதிவுச் சான்று. கம்பெனி கார் என்றால் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம். பல கவுன்சில்களில் கட்டணம் கார் விடும் புகையைப் பொறுத்தது, லாக்புக்கில் கரியமில வாயு கிராம் கணக்கில் எழுதியிருக்கும். 2001 மார்ச்சுக்கு முந்தைய காரென்றால் என்ஜின் அளவைப் பார்ப்பார்கள். டீசலுக்குத் தனியாகக் கூடுதல் வைத்திருக்கும் இடங்களும் உண்டு, ஒரே வீட்டில் இரண்டாவது காருக்கு ஏற்றிக் கேட்கும் இடங்களும் உண்டு.

பர்மிட் எவ்வளவு தூரம் செல்லும் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. கென்சிங்டன் அண்ட் செல்சியில் ஒரு பர்மிட் எடுத்தால் அந்தப் பரோ முழுக்க ரெசிடென்ட் கட்டங்களில் நிறுத்தலாம். பெரும்பாலான இடங்களில் உங்கள் மண்டலத்துக்குள் மட்டும்தான். இஸ்லிங்டனில் இடைப்பட்ட ஒரு சலுகை: வார நாட்களில் காலை 11 முதல் பிற்பகல் 3 வரை மற்ற மண்டலங்களின் ரெசிடென்ட் கட்டங்களிலும் நிறுத்தலாம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்ல வேண்டும். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் வீடு பார்க்கிறீர்களா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், இது 'கார் ஃப்ரீ' கட்டடமா என்று கேளுங்கள். கட்டட அனுமதி கொடுக்கும்போதே, இங்கே குடிவருபவர்களுக்குத் தெருப் பர்மிட் தரமாட்டோம் என்று கவுன்சில் ஒப்பந்தம் போட்டிருக்கும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எழும்பும் கட்டடங்களில் இது சர்வசாதாரணம். கட்டடத்தின் அடியில் நாலைந்து பார்க்கிங் இடம் இருக்கும், அதுவும் ப்ளூ பேட்ஜ் வைத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு. பக்கத்துப் பழைய வீட்டுக்காரருக்குப் பர்மிட் கிடைக்கும், அதே தெருவில் அதே கவுன்சில் டாக்ஸ் கட்டும் உங்களுக்குக் கிடைக்காது. ஏஜென்ட் இதைத் தானாகச் சொல்லமாட்டார். கவுன்சில் தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது விருந்தாளிகள். அவர்களுக்கு விசிட்டர் பர்மிட். முன்பெல்லாம் லாட்டரிச் சீட்டு மாதிரி சுரண்டும் அட்டை: தேதி, மாதம், நேரம் ஒவ்வொன்றையும் காசால் சுரண்டிக் கண்ணாடியில் வைக்க வேண்டும். இப்போது பெரும்பாலும் போனிலேயே காரின் நம்பரைப் பதிந்தால் போதும், வார்டன் கையில் இருக்கும் கருவி பிளேட்டைப் பார்த்துச் சரிபார்த்துக்கொள்ளும். சௌகரியம்தான், ஆனால் நம்பர் ஓர் எழுத்து பிசகினாலும் கார் பர்மிட் இல்லாத கார்தான்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை பர்மிங்காமிலிருந்து சித்தப்பா வந்தார். எங்கள் தெருவில் சனியும் தடை உண்டு. அடுப்பில் காபிக்குப் பால் வைத்துக்கொண்டே, ஒரு கையால் போனில் அவர் கார் நம்பரைப் பதிந்து, ஆறு மணி நேரத்துக்குப் பணமும் கட்டினேன். பதினொன்றரைக்குக் காரிலிருந்த ஸ்வீட் பாக்ஸை எடுக்கப் போனவர் கையில் ஒரு கவரோடு திரும்பினார். "ஏம்ப்பா, கண்ணாடியில மஞ்சளா இது ஒட்டியிருந்துச்சு. உங்க ஊர்ல விருந்தாளிக்கு வெத்திலை பாக்கு இதுதானா?"

அவர் கார் நம்பரில் இரண்டாவதாக இருந்தது ஆங்கில 'ஓ' எழுத்து. நான் அடித்தது பூஜ்ஜியம். பிரிட்டிஷ் நம்பர் பிளேட்டில் இரண்டுக்கும் ஒரே உருவம்தான், கண்ணால் பிரித்துச் சொல்லவே முடியாது. இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: 2001 செப்டம்பருக்குப் பிறகு வந்த பிளேட்டுகளில் முதல் இரண்டும் எழுத்து, அடுத்த இரண்டும் எண், கடைசி மூன்றும் எழுத்து. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பர்மிட் சரியாக இருந்தாலும் செல்லாத இடங்கள் சில. பலகையின் மேல் மஞ்சள் அறிவிப்பு ஒன்றைக் கட்டி, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை கட்டம் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தால், அந்த நாட்களில் அங்கே யாருக்கும் உரிமை இல்லை. யாராவது வீடு மாற்றுவார்கள், தண்ணீர்க் குழாய் தோண்டுவார்கள். ஊருக்குப் போகும்போது காரைத் தெருவிலேயே விட்டுவிட்டு மூன்று வாரம் சென்னையில் இருந்துவிட்டு வருபவர்கள் மாட்டுவது இதில்தான். அறிவிப்பு நீங்கள் விமானம் ஏறிய பிறகு வந்திருக்கும், காரைத் தூக்கிக்கொண்டுகூடப் போயிருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர இதற்கு வேறு மருந்து இல்லை.

ஸ்டேடியம் பக்கத்துத் தெருக்களில் மேட்ச் நாள் விதி தனி. வெம்ப்ளி ஸ்டேடியத்தில் 90,000 பேர் உட்காரலாம். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் நேரக் கட்டுப்பாடு வழக்கத்தைவிட நீளும். ஈலிங் ரோட்டில் புடவை எடுக்கவோ காய்கறி வாங்கவோ போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் ஸ்டேடியத்தில் என்ன நிகழ்ச்சி என்று பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

அப்புறம் நடைபாதை. நம் ஊர்ப் பழக்கத்தில், தெரு குறுகலாக இருக்கிறதே, மற்றவர்களுக்கு வழி விடுவோம் என்று நல்ல மனதோடு இரண்டு சக்கரத்தை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்துவோம். இங்கிலாந்தின் மற்ற பல ஊர்களில் அது ஓடும். லண்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தடை, அனுமதிப் பலகை இருந்தால் மட்டும் விலக்கு. நடைபாதை ஓரக்கல்லை வண்டி ஏறுவதற்காகத் தாழ்த்தியிருக்கும் இடத்தை மறித்து நிறுத்துவதும் குற்றம். ஓரத்திலிருந்து 50 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிறுத்தினாலும் அபராதம்.

அபராதம் வந்துவிட்டால்? அந்தக் கவருக்குள் இருக்கும் அபராத நோட்டீஸைப் பி.சி.என். என்பார்கள். மத்திய லண்டனில் பர்மிட் இல்லாமல் ரெசிடென்ட் கட்டத்தில் நிறுத்தினால் 2025 ஏப்ரலிலிருந்து 160 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் பாதி. பேசாமல் டிராயருக்குள் போட்டுவைத்தால் பிறகு ஒன்றரை மடங்காகும், அதற்கப்புறம் கோர்ட் வழியாகப் பாக்கி வசூலிக்கும் பெய்லிஃப் வாசலுக்கு வருவார். இங்கே பத்து நிமிஷச் சலுகை ஒன்று இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கிறது, 2015இல் வந்தது. ஆனால் அது நீங்கள் முறையாக நிறுத்திய கட்டத்தில் உங்கள் நேரம் முடிந்த பிறகு கிடைக்கும் பத்து நிமிஷம். உரிமையே இல்லாத கட்டத்திலோ மஞ்சள் கோட்டிலோ "இப்பதான் நிறுத்தினேன்" என்பதற்கு அது பொருந்தாது.

தப்பு உங்கள்மேல் இல்லை என்று தோன்றினால், பணம் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். கட்டிவிட்டால் வழக்கு முடிந்தது. 14 நாளுக்குள் எழுதி, அவர்கள் மறுத்துவிட்டாலும், பெரும்பாலும் பாதித் தொகைச் சலுகையை மறுபடி தருவார்கள், ஆகவே எழுதிப் பார்ப்பதில் நஷ்டம் அநேகமாக இல்லை. அதற்கடுத்து வண்டியின் சொந்தக்காரருக்கு முறையான நோட்டீஸ் வரும், அதற்கு 28 நாளுக்குள் பதில். அதையும் மறுத்தால் 'லண்டன் டிரைபியூனல்ஸ்' என்ற தனி அமைப்புக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். பலகையின் படம், கோட்டின் படம், உங்கள் கார் நின்ற இடத்தின் படம் மூன்றையும் அன்றைக்கே எடுத்துவையுங்கள். அடுத்த வாரம் போனால் பலகையைச் சுத்தம் பண்ணி நேராக்கி வைத்திருப்பார்கள்.

சித்தப்பாவின் டிக்கெட்டுக்கு நான் எழுதியது நாலு வரிதான். பணம் கட்டிய ரசீது, பதிந்த நம்பர், பிளேட்டின் படம். மூன்று வாரம் கழித்து ரத்து செய்துவிட்டோம் என்று பதில் வந்தது, அடுத்த முறை இப்படி விடமாட்டோம் என்ற வரியோடு.

இவ்வளவு பணமும் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். கவுன்சில் இஷ்டத்துக்குக் கஜானாவை நிரப்பிக்கொள்ள முடியாது. 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டத்தின்படி, தெருப் பார்க்கிங்கில் மிஞ்சும் பணத்தைப் போக்குவரத்து, சாலை போன்ற சில காரியங்களுக்குத்தான் செலவழிக்கலாம். வயதானவர்கள் பஸ்ஸில் இலவசமாகப் போகும் ஃப்ரீடம் பாஸுக்கும் இதிலிருந்து போகிறது. பார்னெட்டில் 2011இல் ரெசிடென்ட் பர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100க்கும், விசிட்டர் சீட்டை ஒன்றிலிருந்து நான்கு பவுண்டுக்கும் ஏற்றினார்கள். குடியிருப்பவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். வருமானத்துக்காகவே கட்டணத்தை ஏற்றுவதற்கு இந்தச் சட்டம் இடம் தரவில்லை என்று 2013 ஜூலையில் தீர்ப்பு. மற்ற கவுன்சில்களும் இன்றுவரை கட்டணம் ஏற்றும்போது காற்று மாசு, நெரிசல் என்று காரணம் எழுதுவதற்கு இந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் தெருவில் இன்னும் மண்டலம் இல்லை, பக்கத்துத் தெருவில் வந்துவிட்டது என்றால், சீக்கிரமே உங்கள் தெரு நிரம்பும். அங்கே நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் எங்காவது போகத்தானே வேண்டும். கருத்துக் கேட்டுக் கவுன்சில் ஒரு காகிதம் அனுப்பும். பீட்சா நோட்டீஸோடு சேர்த்து அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் சட்டபூர்வ அறிவிப்பு தெருக் கம்பத்தில் கட்டியிருக்கும், ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். சோதனை முறையில் கொண்டுவந்தால் 18 மாதம்வரை ஓட்டலாம், முதல் ஆறு மாதத்துக்குள் நீங்கள் எழுதலாம்.

கடைசியாக, காரை மாற்றும்போது. பர்மிட் ஆளுக்கு அல்ல, நம்பருக்கு. பழைய காரை விற்ற அன்றே அது புதுக் காருக்குத் தாவிவிடாது. புது லாக்புக் ஸ்வான்ஸியில் இருக்கும் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து உங்கள் பெயரில் வந்துசேரச் சில வாரம் ஆகலாம். அதுவரைக்கும் தற்காலிகப் பர்மிட் உண்டு. விற்றவர் கிழித்துக் கொடுக்கும் பச்சைச் சீட்டையும் ரசீதையும் காட்டினால் பல கவுன்சில்கள் ஏற்றுக்கொள்ளும். காரை வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருக்காதீர்கள். கடையிலேயே உட்கார்ந்து, பிளேட்டைப் பார்த்து, எழுத்தா எண்ணா என்று யோசித்துப் பதிந்துவிட்டுக் கிளம்புங்கள்.